அரசருக்கும் அதே கோறாத் துணி

கத்தரிக்கோலை முதலில் கழுத்துப் பக்கம் வைத்தேன். மனம் ஒப்பவில்லை. அங்கியைத் திருப்பிப் போட்டுக் கீழ் விளிம்பிலிருந்து வெட்டத் தொடங்கினேன்.

அது எங்கள் கோயிலில் பெரிய வெள்ளிதோறும் யேசுநாதர் வேடம் கட்டுபவர் உடுத்தும் வெள்ளைப் பட்டு அங்கி. குருத்தோலை ஞாயிறு கழிந்த திங்கட்கிழமை, காலை பத்து மணியிருக்கும். ஓர்ஸ் ஹில்லில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் விறாந்தையில் பாய் விரித்து, அதன்மேல் அங்கியைப் பரப்பியிருந்தேன். கீழே உள்துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் ஊதியது.

மூன்று இடுப்புப் பட்டி வெட்டி எடுத்து நாலாவதில் கை வைத்தபோது படலை திறந்த சத்தம் கேட்டது. பாவிலு மூப்பர் வந்துகொண்டிருந்தார். எங்கள் கோயிலில் சுவாமியாருக்கு அடுத்தபடி அவர்தான். பெருநாள் நடத்துவது, பாடகர்களை அடக்குவது, பூசைக்குப் பிந்தி வருகிறவர்களை முறைப்பது எல்லாம் அவர் பொறுப்பு.

வந்தவர் படியில் ஒரு கால், முற்றத்தில் ஒரு காலாக நின்றுவிட்டார்.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"பட்டி வெட்டுறன், மூப்பர்."

"கோயில் சாமானை வெட்ட உனக்கு ஆர் அதிகாரம் தந்தது?"

"தைச்ச கைதான் வெட்டுது," என்றேன்.

இப்போது எழுதும்போது அந்தப் பதில் கொஞ்சம் கூடிப்போனதாக எனக்கே தெரிகிறது. அன்று அப்படித் தெரியவில்லை. வெட்டுவதை நிறுத்தவில்லை. நாலாவது பட்டியை அவர் கண் முன்னாலேயே வெட்டி முடித்தேன்.

பரசூட்டும் கறுப்புத் திரையும்

அவர் ஏன் அப்படிப் பதறினார், நான் ஏன் அப்படிப் பிடிவாதமாக இருந்தேன் என்று சொல்ல வேண்டுமென்றால், அந்தப் பட்டு எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

யேசுநாதரின் பாடுகளை நடித்துக் காட்டும் நாடகத்தை நாங்கள் சுருக்கமாகப் 'பாஸ்' என்போம். கோயில் வளவில் கடலுக்கு முதுகு காட்டிக் தென்னங்கிடுகுக் கொட்டகை போட்டு, பெரிய வெள்ளி பின்னேரம் தொடங்கி, பெற்றோமக்ஸ் விளக்கு ஏற்றும் நேரத்தில் சிலுவையில் அறைந்து முடிப்பார்கள். பாலையூற்று, சாம்பல்தீவு என்று நாலாபக்கத்திலிருந்தும் சனம் வரும். சைவக்காரர்களும் வருவார்கள். அழுவதற்குச் சமயம் பார்ப்பதில்லை.

போன வாரம் என் தையல் மெசின் வீட்டுக்கு வந்த கதையை எழுதியிருந்தேன். அந்த மெசினில் என் அம்மாவும் நானும் சேர்ந்து தைத்த முதல் பெரிய வேலை பாஸ் உடுப்புகள்தான். யுத்தம் முடிந்த கையோடு வெள்ளைக்காரக் கடற்படை கழித்துவிட்ட சாமான்களில் ஒரு கிழிந்த பரசூட்டும், குண்டுபோட வருகிற விமானங்களுக்கு வெளிச்சம் தெரியாமல் யன்னல்களில் கட்டிய கறுப்புத் திரைத் துணியும் கோயிலுக்குக் கிடைத்தன. பரசூட்டுப் பட்டு யேசுநாதருக்கு, கறுப்புத் திரை யூதர்களுக்கு. அதைப்பற்றி யாரும் கூடி யோசித்ததாக எனக்கு நினைவில்லை. துணியைப் பார்த்த உடனேயே எல்லாருக்கும் அப்படித்தான் தோன்றியது.

யேசுநாதருக்குப் பொன்னிறத் தலைமயிர் வேண்டும். கப்பல் வடத்தின் தும்பைப் பிரித்து மஞ்சளில் தோய்த்துக் கட்டினோம். யூதர்களுக்குக் கொக்கி மூக்கு வேண்டும். கோயிலில் எரிந்து மிஞ்சும் மெழுகுதிரித் துண்டுகளை ஒரு பிஸ்கற் தகரத்தில் சேர்த்து வைப்பது வழக்கம். அதில் கொஞ்சம் எடுத்து உருக்கி மூக்குச் செய்து ஒட்டுவார்கள். பெற்றோமக்ஸ் சூட்டில் மூக்கு இளகி வாய்க்குள் வந்துவிழுந்த வருடங்களும் உண்டு.

யூதரின் பிரதான ஆசாரியன் கைப்பாஸ் வேடம் இருபது வருடமாகப் பாவிலு மூப்பருக்குத்தான். அவருடைய மூக்குத்தான் எல்லாவற்றிலும் பெரியது. அதை அவரே செய்து, அவரே ஒரு சுருட்டுப் பெட்டிக்குள் வைத்திருப்பார். யேசுநாதர் வேடம் தந்திக் கந்தோரில் வேலை செய்த செபஸ்திக்கு. அவனிடம் இருந்த ஒரே தகுதி வெள்ளை நிறம். தவக்காலம் நாற்பது நாளும் அவன் குடை இல்லாமல் வெளியே இறங்க மாட்டான்.

இன்னொரு வழக்கமும் இருந்தது. யேசுநாதர் உயிர்விட்டு, மணி அடித்து ஓய்ந்ததும், துறைமுக இளந்தாரிகள் புளியங்கம்போடு மேடைக்குப் பின்னால் ஓடுவார்கள். கறுப்பு அங்கி போட்டவர்கள் கடற்கரையால் ஓட வேண்டும். ஓடுகிறவர்களைத் துரத்தி, சிரித்து, இரண்டு அடி போட்டுத் தண்ணிக்குள் தள்ளிவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்கள். ஓடுகிறவர்களும் சிரித்துக்கொண்டுதான் ஓடுவார்கள். எங்களுக்கு அது பெரிய வெள்ளியின் கடைசிப் பகுதி, அவ்வளவுதான்.

முழங்காலில் நிற்காத மன்றாட்டு

நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் பெரிய வெள்ளிச் சடங்கு எல்லாம் லத்தீனில். எங்களுக்கு விளங்கியது எழும்புவதும் முழங்காலில் நிற்பதும் மட்டும்தான். பாப்பரசருக்கு ஒரு மன்றாட்டு, முழங்காலில் நிற்போம். நோயாளிகளுக்கு ஒன்று, அதற்கும் முழங்காலில் நிற்போம். ஒரே ஒரு மன்றாட்டுக்கு மட்டும் ஒருவரும் முழங்காலில் நிற்பதில்லை.

ஒருமுறை நான் பழக்கதோசத்தில் முழங்காலை மடக்கிவிட்டேன். அம்மா தோளைப் பிடித்துத் தூக்கினார். ஏன் என்று கேட்டேன். அது யூதருக்கான மன்றாட்டு, அதற்கு முழங்காலில் நிற்பதில்லை என்றார். அதற்குமேல் அம்மாவுக்கும் தெரியாது.

பிறகு அந்த வழக்கத்தைத் திருச்சபை மாற்றியது. இன்னும் பிறகு மன்றாட்டின் வார்த்தைகளே மாறின, பூசையும் தமிழுக்கு வந்தது. ரோமாபுரியில் பெரியவர்கள் எழுதி முடிப்பதற்கு முன்னமே ஓர்ஸ் ஹில்லில் ஒரு விறாந்தையில் அது மாறிவிட்டது என்று நான் பகிடியாகச் சொல்வதுண்டு. பகிடிதான், ஆனால் முழுப் பகிடியல்ல.

வயர்லஸ்காரர்

பட்டு அங்கியை வெட்டியதற்கு முந்தின வருடம். வெள்ளைக்காரர் கடற்படைத் தளத்தை எங்கள் அரசாங்கத்திடம் கொடுத்துவிட்டுப் போய்ச் சில காலம் ஆகியிருந்தது. இயந்திரம் பழுதாகி ஒரு சரக்குக் கப்பல் ஒரு மாதத்துக்கு மேல் உள்துறைமுகத்தில் கிடந்தது. அதில் வயர்லஸ் வேலை பார்த்தவர் இரண்டு சட்டை தைக்கக் கொடுக்க எங்கள் வீட்டுக்கு ஏறி வந்தார். மெலிந்த ஆள், நாற்பது வயது மதிக்கலாம், இங்கிலிசை நிதானமாகக் கதைப்பார். கடற்படைக்காரருக்குத் தைத்துத் தைத்து எனக்கும் அந்த அளவு இங்கிலிசு வந்திருந்தது.

தவக்காலம் என்பதால் வீடு முழுக்கப் பாஸ் உடுப்புகள். அவர் பட்டு அங்கியைத் தொட்டுப் பார்த்து, பரசூட்டா என்று கேட்டார். ஆள் கெட்டிக்காரர் என்று நினைத்தேன். பெரிய வெள்ளியன்று வந்து பாருங்கள், எங்கள் அரசருக்கு அதைவிட நல்ல உடுப்பு இந்தத் தீவிலேயே கிடையாது என்று பெருமையாக அழைத்தேன். அவர் சிரித்துவிட்டு, வருகிறேன் என்றார்.

வந்தார். என் கணவர் சவிரிமுத்து அவருக்கு முன்வரிசையில் ஒரு கதிரை போட்டுக் கொடுத்தார். உரோமை ஆளுநர் பிலாத்துவின் அரண்மனைக் காட்சிவரைக்கும் பார்த்தார். இளந்தாரிகள் கம்புகளோடு மேடை ஓரத்தில் கூடத் தொடங்கினார்கள். நான் திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தபோது கதிரை வெறுமையாக இருந்தது.

உயிர்ப்புத் திருநாளுக்கு அடுத்த நாள் சட்டையை எடுக்க வந்தார். எனக்கு வாய் சும்மா இருக்காது. ஆண்டவர் சாகிற நேரத்தில் எழும்பிப் போகலாமா, நீங்கள் எந்தச் சபை என்று கேட்டேன். அவர் சட்டையை மடித்து வைத்துவிட்டு, தான் யூதன் என்றார்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் உடனே பார்த்தது அவருடைய மூக்கைத்தான். சாதாரண மூக்கு. என் அண்ணனுடையதைவிடச் சின்னது. அவருக்கும் நான் பார்த்தது தெரிந்தது. எனக்கு முகம் எரிந்தது.

பூட்டிய கதவு

அவர் கோபப்படவில்லை. கதிரையில் இருந்து தண்ணீர் கேட்டுக் குடித்தார். அவர் பிறந்த ஊர் ஐரோப்பாவில் எங்கேயோ. அங்கேயும் பெரிய வெள்ளியன்று இப்படி நாடகம் போடுவார்களாம். முடிந்ததும் சனம் கம்போடு தெருவுக்கு இறங்குமாம். ஆனால் அங்கே ஓடுகிறவர்கள் வேடக்காரர்கள் அல்ல.

"ஒவ்வொரு பெரிய வெள்ளியும் எங்கட அப்பா கதவை உள்ளால பூட்டிப்போட்டு, எங்களைக் கட்டிலுக்குக் கீழ படுக்க வைப்பார்," என்றார். அவர் சொன்னது இங்கிலிசில். எனக்குள் அது எங்கள் தமிழிலேயே விழுந்தது, அப்படியே இன்றுவரை இருக்கிறது.

பிறகு வந்த யுத்தத்தில் அந்தப் பூட்டும் உதவவில்லை. தாயும் தகப்பனும் தங்கைகளும் மிஞ்சவில்லை. அதை ஒரே வசனத்தில் சொல்லி முடித்துவிட்டு, பொத்தான் சரியாக இருக்கிறதா என்று சட்டையைப் பார்த்தார்.

இதை எழுதும்போது நான் இன்னொரு கதவையும் நினைக்கிறேன். பல வருடங்களுக்குப் பிறகு நாங்களும் பட்டப்பகலில் கதவை உள்ளால் பூட்டி, பிள்ளைகளை அலுமாரிக்குப் பின்னால் இருத்தி, தெருவில் போகிற காலடிகளைக் கேட்டுக்கொண்டிருந்த நாட்கள் வந்தன. வெளியே நின்றவர்களுக்கு எங்கள் பெயர் தெரியாது. நாங்கள் எந்த இனம் என்று மட்டும் தெரியும். அப்போது எனக்கு அந்த வயர்லஸ்காரரின் அப்பாவைத்தான் நினைவு வந்தது. முகம் தெரியாத அந்த மனிசனுக்காக அன்று ஒரு செபம் சொன்னேன், முழங்காலில் நின்றுதான்.

அரசர் யாருடையவர்

அன்று நான் அவரைச் சும்மா விடவில்லை. சிலுவைக்கு மேலே பலகையில் 'யூதரின் அரசர்' என்று நாங்கள்தானே எழுதி வைக்கிறோம், பிறகு நீங்கள் ஏன் அவரை அரசராக ஏற்கவில்லை என்று கேட்டேன். விவாதத்துக்கு நான் பின்நிற்பவளல்ல.

அவர் யோசித்து யோசித்துச் சொன்னார். அந்தப் பலகையை எழுதியவன் உரோமைக்காரன். சிலுவையில் தூக்கப்பட்டவனை மட்டும் அவன் பகிடி பண்ணவில்லை. இதோ உங்கள் அரசன், பாருங்கள் என்று ஒரு சனம் முழுவதையுமே பகிடி பண்ணினான். நீங்கள் அதில் மகிமையைப் பார்க்கிறீர்கள், நாங்கள் அதில் எங்கள் பிள்ளைகளில் ஒருவனைத் தூக்கின மரத்தைப் பார்க்கிறோம் என்றார்.

எங்கள் அரசர் வரும்போது உலகத்தில் சண்டை இராது, அதுதான் அடையாளம் என்றும் சொன்னார். யன்னலைத் திறந்து பார்க்கிறோம், இன்னும் அப்படியில்லை, ஆகவே காத்திருக்கிறோம் என்றார். நான், அவர் வந்துவிட்டார், ஆனால் திரும்பவும் வருவார் என்று நாங்களும் காத்திருக்கிறோம் என்றேன். அப்படியென்றால் காத்திருக்கிறதில் நாங்கள் பக்கத்துப் பக்கத்து வீடு என்றார். அவர் என் பக்கம் வரவில்லை, நானும் அவர் பக்கம் போகவில்லை. ஆனால் மதில் முந்தியளவு உயரமாக இல்லை.

போக எழும்பியபோதுதான் இரண்டு காரியம் சொன்னார். ஒன்று, கைப்பாஸ் வேடக்காரர் சிரித்துச் சிரித்துச் சொன்ன வசனம். உங்கள் அரசனையா சிலுவையில் அறைவது என்று பிலாத்து கேட்கும்போது, உரோமை இராயனைத் தவிர எங்களுக்கு வேறு அரசன் இல்லை என்று ஆசாரியர்கள் சொல்கிற இடம். யூத வீட்டில் ஒரு துண்டு பாண் பிட்டுத் தின்றாலும் தண்ணீர் குடித்தாலும் கடவுளை அரசரே என்று கூப்பிட்டுத்தான் செபம் சொல்வார்களாம். அப்படிப்பட்டவன் அந்த வசனத்தைச் சொன்னால், முதுகில் ஈட்டி இருந்திருக்க வேண்டும், சிரித்துச் சொல்லியிருக்க மாட்டான் என்றார்.

இரண்டாவதை நான் தாங்கவில்லை. மேடையில் எல்லாரையும் யூதராக உடுப்பாட்டியிருக்கிறீர்கள், யூதரின் அரசர் ஒருவரைத் தவிர என்றார்.

அடுத்த வாரம் அந்தக் கப்பல் போய்விட்டது. அவர் எந்தத் துறைமுகத்துக்குப் போனாரோ தெரியாது. அன்று அவர் படலையைத் தாண்டியதும் நான் உள்ளே போய், தொங்கிக்கொண்டிருந்த பட்டு அங்கியையும் கறுப்பு அங்கியையும் பக்கத்தில் பக்கத்தில் பிடித்துப் பார்த்தேன். தாவீதின் வம்சம் என்று பாடுகிறோம். அரசர் பெருநாளில் அவருடைய சுரூபத்துக்குப் பொன்முடி வைத்து லொறியில் ஊர்வலம் கொண்டு போகிறோம். ஆனால் அவரை அவருடைய சனத்திலிருந்து பிய்த்து எடுத்துத்தான் முடி சூட்டியிருக்கிறோம். அதைச் செய்தது என் மெசின். இனி அந்த மெசின் அதைச் செய்யாது என்று அன்றைக்கே முடிவெடுத்தேன்.

கோறாத் துணி

மறு வருடம் தவக்காலம் தொடங்கியதும் கடைத்தெருவில் கிண்ணியா முஸ்லிம் காக்காவின் கடைக்குப் போனேன். வெளுக்காத கோறாத் துணி ஒரு கட்டு முழுவதும் வேண்டும் என்றேன். யாருக்கு இவ்வளவு என்று கேட்டார். யேசுநாதருக்கும் மற்றவர்களுக்கும் என்றேன். அவர் துணியை அளந்துகொண்டே, "பட்டுக் கேக்காத ராசாவை இப்பத்தான் கேள்விப்படுறன்," என்றார்.

இருபத்திரண்டு அங்கி. யேசுநாதர், சீடர்கள், ஆசாரியர்கள், சனங்கள் எல்லாருக்கும் ஒரே துணி, ஒரே வெட்டு. சவிரிமுத்து வேலைக்குப் போனபிறகு தைப்பேன், வருமுன் எடுத்து வைப்பேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டால் ஏலாது என்பார்கள் என்று தெரியும். கறுப்பு அங்கிகளின் தையலை அவிழ்த்துக் கோயில் சாமான் அறை யன்னலுக்குத் திரையாகத் தைத்துக் கட்டினேன். அது முதலில் யன்னல் திரையாகத்தானே இருந்தது. பட்டு அங்கியை வெட்டி இருபத்திரண்டு இடுப்புப் பட்டி தைக்க நினைத்தேன். யேசுநாதருக்கு ஒன்று, கைப்பாசுக்கு ஒன்று, காட்டிக்கொடுத்த யூதாசுக்கும் ஒன்று. திரும்பிப் போக வழி இருக்கக்கூடாது.

அந்த வேலையில்தான் மூப்பர் வந்து பிடித்தார்.

அன்று மத்தியானமே என்னைச் சுவாமியாரிடம் கூட்டிக்கொண்டு போனார். எங்கள் சுவாமியார் மட்டக்களப்புப் பக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார். மூப்பர் நடந்ததைச் சொன்னார். மூப்பரைக் குறை சொல்ல மாட்டேன், அவர் கேட்ட கேள்வி நியாயமானதுதான்.

"எல்லாருக்கும் ஒரே உடுப்பெண்டால் ஆர் யேசு எண்டு சனத்துக்கு எப்பிடித் தெரியும், சுவாமி? தெரியாமல் ஆருக்காக அழுறது?"

சுவாமியார் என்னைப் பார்த்தார்.

"யூதாஸ் ஏன் முத்தம் குடுத்தவன், சுவாமி?" என்று கேட்டேன். "பிடிக்க வந்த சேவகருக்கு ஆள் ஆரெண்டு தெரியேல்லை. சீடரோட நிண்டால் பிரிச்சு எடுக்க ஏலாமல் இருந்தது. அதாலதானே முத்தம் குடுத்துக் காட்டவேண்டி வந்தது. எங்கட பாஸில மஞ்சள் தலைமயிரும் பட்டுமா நிக்கிறவரைக் காட்ட முத்தம் என்னத்துக்கு? தூரத்தில நிண்டு கை நீட்டினாலே காணும்."

சுவாமியார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் விடவில்லை. வயர்லஸ்காரர் சொன்னது முழுவதையும் சொன்னேன். பூட்டிய கதவு, கட்டிலுக்குக் கீழ் படுத்த பிள்ளைகள், சிரித்துச் சொல்ல முடியாத அந்த வசனம் எல்லாம். மூப்பர் நிலத்தைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். மூக்கும் வேண்டாம், துரத்துவதும் வேண்டாம் என்று முடித்தேன்.

சுவாமியார் கடைசியில், இந்த வருடம் ஒருக்கால் பார்ப்போம் என்றார். சனம் சிரித்துப் பாஸ் குழம்பினால், திரேசா, நீ இனிமேல் கோயில் தையலைத் தொடக்கூடாது, பீடத் துணி உட்பட என்றும் சொன்னார். அம்மாவுக்குப் பிறகு என் கைக்கு வந்த வேலை அது. அந்தக் கோயிலில் ஒரு பெண்ணின் சொல் எடுபட்ட ஒரே இடமும் அதுதான். சரி சுவாமி என்றேன்.

சவிரிமுத்து கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்தார். "கலியாணப் பூசை எங்களுக்கு முடிஞ்சுது. இனிச் செத்தவீட்டுப் பூசைக்குத்தான் மூப்பர் வேணும். அதுவரைக்கும் சமாளிக்கலாம்," என்றார்.

பெரிய வெள்ளி

செபஸ்தி தும்புத் தலைமயிர் இல்லாமல் கண்ணாடியில் தன்னைப் பார்த்து அழாக்குறையாக நின்றான். நாற்பது நாள் குடை பிடித்தது வீண் என்றான். கையைப் பிடித்து இழுத்து இடுப்பில் பட்டியைக் கட்டிவிட்டு, போ என்றேன். மூப்பர் தன் அங்கியை வாங்கிக்கொண்டு ஒதுக்குப்புறமாகப் போய் உடுத்தினார்.

தொடக்கத்திலேயே சனத்துக்குள் முணுமுணுப்பு. வண்ணான் துணி மாறிக் கொண்டுவந்துவிட்டானா என்று யாரோ பின்னாலிருந்து கேட்க, நாலு பேர் சிரித்தார்கள். திரைக்குப் பின்னால் நான் செபமாலையைப் பிடித்தபடி நின்றேன். செபம் சொன்னேனோ, பீடத் துணிகளை எண்ணினேனோ தெரியாது.

பிறகு கெத்செமனித் தோட்டம் வந்தது. ஒரே துணி உடுத்த பன்னிரண்டு பேர் மங்கலில் நின்றார்கள். சேவகர் பந்தத்தோடு வந்து நின்று விழித்தார்கள். முதல் தடவையாக அந்த விழிப்பு நடிப்பாகத் தெரியவில்லை. முன்வரிசைப் பெண்கள் கழுத்தை நீட்டித் தேடினார்கள். யூதாஸ் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு நடந்தான். அவன் நின்று முத்தம் கொடுத்தபோது, வளவு முழுக்க ஒரு மூச்சு எழுந்து அடங்கியது. அதற்குப் பிறகு ஒருவரும் சிரிக்கவில்லை.

பிலாத்துவின் காட்சி. பிலாத்து வேடக்காரன் உரத்துக் கேட்டான், உங்கள் அரசனையா சிலுவையில் அறைவது என்று. மூப்பர் முன்னால் வந்தார். அவருடைய வலது கை இடுப்புப் பட்டிக்குள் போனதை நான் கண்டேன். அப்படியே நின்றார். எதிரே செபஸ்தி, தலையில் சாம்பல்தீவிலிருந்து வெட்டி வந்த சூரைமுள் முடி, உடம்பில் மூப்பர் உடுத்த அதே கோறா, இடுப்பில் அதே பட்டு. மூப்பர் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். வசனம் மறந்துபோச்சு என்று நினைத்து அடி எடுத்துக் கொடுப்பவன் இரண்டு தடவை மெல்லச் சொன்னான்.

கடைசியில் சொன்னார். இருபது வருடமாக முழங்கிய வசனத்தை, சேவகரின் ஈட்டியைத் திரும்பிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் நிற்பவனுக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னார். பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. கேட்டவர்களுக்குப் போதும்.

சிலுவை நட்டார்கள். 'யூதரின் அரசர்' என்ற பலகை பெற்றோமக்ஸ் வெளிச்சத்தில் தெரிந்தது. கீழே நின்ற யூதர்கள் அவரைப்போலவே உடுத்திருந்தார்கள். அந்தப் பலகையில் இருப்பதை அன்றைக்குத்தான் நான் முதல்முறையாக வாசித்தேன் என்று சொல்லலாம்.

மணி ஓய்ந்ததும் இளந்தாரிகள் வழக்கம்போலக் கம்போடு மேடைக்குப் பின்னால் ஓடிவந்தார்கள். இருபத்திரண்டு பேரும் ஒரே உடுப்பில் நின்றார்கள். செபஸ்தியும் இறங்கி வந்து அவர்களுக்குள் நின்றான். வந்தவர்களில் முன்னால் நின்றவன் கம்பை ஓங்கியபடி ஒவ்வொருவராகப் பார்த்தான்.

"இதில ஆரை அடிக்கிறது?" என்று கேட்டான்.

மூப்பர் போய் அவன் கையிலிருந்த கம்பை வாங்கி, முழங்காலில் வைத்து முறித்து, கடல் பக்கம் எறிந்தார். பிறகு வீட்டுக்குப் போங்கோ என்றார். போனார்கள்.

கறை

மறுநாள் காலை கிணற்றடியில் உடுப்புகளைத் தோய்க்கப் போட்டேன். கைப்பாஸின் பட்டி மட்டும் பாரமாக இருந்தது. பிரித்தேன். மடிப்புக்குள் ஒரு கட்டி மெழுகு நசிந்து ஒட்டியிருந்தது. அதில் விரல்கள் அழுந்திய பள்ளம் அப்படியே பதிந்திருந்தது.

சுருட்டுப் பெட்டியிலிருந்த அந்தப் பெரிய மூக்கு. மனிசன் அதை மேடைக்குக் கொண்டுபோயிருக்கிறார். என்னைத் தோற்கடிக்க அவருக்கு ஒரு கணம் போதும். முகத்தில் ஒட்டியிருந்தால் சனம் சிரித்திருக்கும், பாஸ் குழம்பியிருக்கும், என் மெசினுக்கும் கோயிலுக்கும் இருந்த தொடர்பு அன்றோடு முடிந்திருக்கும். எடுத்தும் இருக்கிறார். எடுத்த கையாலேயே நெரித்தும் இருக்கிறார். நான் கிணற்றுக் கட்டின்மேல் இருந்து கொஞ்ச நேரம் அழுதேன்.

வெயில் ஏறுமுன்னம் படலை திறந்தது. மூப்பர். வந்து நின்று கொடியில் காயப் போட்டிருந்த அங்கிகளைப் பார்த்தார்.

"என்ர உடுப்புத் தோய்ச்சிட்டியோ, பிள்ளை?"

"ஓம், மூப்பர்."

"பட்டியில கறை ஏதும்..."

"ஒண்டுமில்லை," என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார், நான் வாளியைப் பார்த்தேன். திரும்பிப் படலைவரைக்கும் போனவர், அங்கே நின்றார்.

"அடுத்த வருசம் எனக்குப் பட்டியைக் கொஞ்சம் நீட்டித் தை. வயிறு வைக்குது," என்றார்.

பட்டிக்கு மேலே கடுதாசி போட்டு இஸ்திரிக்கை வைத்து எடுத்தும் மெழுகுக் கறை முழுக்கப் போகவில்லை. அடுத்த வருடமும் அதற்கடுத்த வருடமும் மூப்பர் அந்தக் கறையோடுதான் கட்டினார். சுரண்டி எடுத்த மெழுகை அன்று பின்னேரமே கோயிலுக்குக் கொண்டுபோய், மெழுகுதிரித் துண்டுகள் கிடந்த பிஸ்கற் தகரத்தில் போட்டு மூடினேன்.